செம்மணல்விளை டிப்போ உயர எடுத்துக்கொள்ளப்பட்ட விதம்

உலக நாகரிகம் நீராவியால் எழுந்தது. அந்த நீராவியோ கண்டங்களையும் சமுத்திரங்களையும் கடந்து, இறுதியில் செம்மணல்விளையில் வந்து நிறைவெய்தியது.

தேவபிரசாதம் ஐயா எழுதிய 'செம்மணல்விளை டிப்போவின் வரலாறு' இப்படித்தான் தொடங்குகிறது. நிறைவெய்தியது என்பதில் பிழை சொல்ல முடியாது. அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. டிப்போவைத் தாண்டி இருபதடியில் குறுக்கே ஒரு பனந்தடி கிடந்தது. அதற்கப்பால் தேரி என்னும் செம்மணல் மேடு.

தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, மூட்டை நிறுக்க ஒரு தராசு, எஞ்சின் ஒதுங்கித் திரும்ப ஒரு கிளைப் பாதை. டிப்போ என்பது இவ்வளவுதான். குலசேகரன்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து காலையில் கம்பெனி ரயில் வரும். கருவாட்டுக் கூடைகளையும் அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கும் சில மனிதர்களையும் இறக்கிவிட்டு, கருப்பட்டியையும் பனந்தும்பு நாரையும் ஏற்றிக்கொண்டு மதியம் திரும்பிப் போகும். அது போகிற வேகத்தில் பெண்கள் இறங்கி, நாலு சுள்ளி பொறுக்கிக்கொண்டு, மறுபடி ஏறிக்கொள்வார்கள். வரலாற்றில் இது 'பயணிகளின் சௌகரியத்தில் கம்பெனி காட்டிய கரிசனம்' என்று பதிவாகியிருக்கிறது. ஒரு கலெக்டர் டிப்போவைப் பார்வையிட்டதற்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கலெக்டர் அன்று தூங்கிக்கொண்டிருந்தார். எஞ்சின் தண்ணீர் குடித்து முடியும்வரை ஜன்னலில் அவருடைய தொப்பி தெரிந்தது.

வரலாற்றில் வராத ஆள் இசக்கியப்பன். பத்தொன்பது வருஷமாக டிப்போவின் பாயிண்ட்ஸ்மேன். எஞ்சின் எந்தப் பாதையில் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கம்பியை இழுத்துவிடுவது அவன் வேலை. தொட்டி நிரப்புவதும், ஆடு விரட்டுவதும், பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவளுக்காக டிரைவரிடம் கெஞ்சி வண்டியை நிறுத்திவைப்பதும் வேலையில் சேராது; அவற்றையும் அவன்தான் செய்தான். ஆடிக் காற்றில் தேரி மணல் வந்து தண்டவாளத்தை மூடிவிடும். விடியும்போதே பனைநார் வாரியலோடு புறப்பட்டு, ஒரு மைல் தூரம் பெருக்கிக்கொண்டே போவான். பெருக்கிவிட்டுத் திரும்பி வரும்போது முதலில் பெருக்கிய இடம் மூடிக் கிடக்கும். மறுபடி பெருக்குவான். எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் படித்தவர்கள்மேல் அவனுக்கு அபார நம்பிக்கை இருந்தது.

1941 மே மாதம் ரயில் நின்றது. டிப்போ கிளார்க்கு ஜெபசிங் கொட்டகைச் சாவியை இசக்கியப்பன் கையில் கொடுத்துவிட்டு ஆறுமுகநேரியில் ஓர் உப்பளத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து சைக்கிளில் வந்த ஒருவன் கொட்டகைச் சுவரில் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டு, வந்த வேகத்தில் போனான். நாலே வரி. அத்தனையும் இங்கிலீஷ்.

ஊரில் இங்கிலீஷ் என்றால் தேவபிரசாதம் ஐயாதான். நாசரேத்துப் பக்கத்து மிஷன் பள்ளிகளில் முப்பத்தொரு வருஷம் பாடம் சொல்லி, தலைமை வாத்தியாராக ஓய்வு பெற்றவர். கோட்டும் தலைப்பாகையும் குடையும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. எதிரே வருகிறவர்களுக்கு 'சார்வாள்' என்று கும்பிட அவர் நின்று அவகாசம் கொடுப்பார்.

நோட்டீஸின் முன் அவரைக் கொண்டுவந்து நிறுத்தியவர் பீர் முகம்மது காக்கா. காயல்பட்டினத்துக்காரர்; அங்கே மூத்தவர்களை 'காக்கா' என்பார்கள். டிப்போவுக்கு எதிரே கருப்பட்டி மண்டி வைத்திருந்தார். இசக்கியப்பன் பின்னால் கைகட்டி நின்றான்.

"என்ன போட்டிருக்கான் சார்வாள்?"

ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "'தி லைன் வில் பி டேக்கன் அப்.' வருகிற ஜூன் பதினாறாம் தேதி முதல்."

"அதைத் தமிழ்ல சொல்லுங்களேன்."

ஐயாவுக்கு இருபது வயது இருக்கும்போது, ஆண்டவர் பரமேறிய திருநாளில் வெள்ளைக்காரப் பாதிரி ஐயர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் பிரசங்கம் செய்திருக்கிறார். அதில் ஐயர் இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தி உயர்த்திச் சொன்ன வார்த்தை இது: டேக்கன் அப். அதற்குப் பிறகு ஐயா அந்த வார்த்தையை வேறெங்கும் சந்திக்கவில்லை. இன்றைக்குச் சுவரில் பார்த்தார். பழைய சிநேகிதரைப் பார்த்தது போல் முகம் மலர்ந்தது.

"உயர எடுத்துக்கொள்ளப்படும்," என்றார்.

"எது?"

"லைன். இது செயப்பாட்டு வினை. எடுத்துக்கொள்கிறவர் யார் என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் சர்க்கார் என்று கொள்ளவேண்டும்."

"அப்போ கம்பெனிகிட்டேருந்து சர்க்கார் வாங்கிக்கிடுதா?"

"வெறுமனே வாங்குவதல்ல. உயர எடுத்துக்கொள்ளுதல். சின்னப் பாதை பெரிய பாதையாகும். டிப்போ ஸ்டேஷனாகும். ஜங்ஷன் ஆனாலும் ஆகலாம்."

"ஜங்ஷன்னா ரெண்டு லைன் வேணுமே சார்வாள்?"

"அது சர்க்காரின் கவலை."

"எஞ்சின் வராம நின்னுட்டே?"

"மகிமைக்கு முன்னால் ஒரு மௌனம் உண்டு," என்றார் ஐயா. அதற்கு மேல் கேட்க யாருக்கும் துணிவில்லை.

டிப்போ என்ற பெயர் வெகுநாளாக ஊரை உறுத்திக்கொண்டிருந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் "உங்க ஊர்ல ஸ்டேஷன் கிடையாதாமே, குடோன்தானாமே" என்று கேட்பதுண்டு. ஆகவே வரவேற்புக் கமிட்டி அன்றைக்கே பிறந்துவிட்டது. பந்தல் துணி கொடுப்பதால் பீர் முகம்மது காக்கா தலைவர். ஐயா செயலாளர், பேச்சாளர், சரித்திர ஆசிரியர். சர்க்கார் அதிகாரியின் முன் வாசிக்க வரலாறு எழுதும் பணி அன்று சாயங்காலமே தொடங்கியது.

ஜூன் முதல் வாரம் இசக்கியப்பனுக்கு ஒரு கார்டு வந்தது. ஆயுளில் அவனுக்கு வந்த முதல் தபால். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஐயா வீட்டுக்கு வந்தான். ஐயா படித்தார். அவர் நேர்மையான மனிதர். ஓர் எழுத்தையும் விடவில்லை.

'இசக்கியப்பனுக்கு ஜெபசிங் எழுதுவது. நம் லைன் இனிக் கிடையாது. அதை நம்பி உட்காராதே. இங்கே உப்பளத்துத் தள்ளுவண்டிப் பாதையில் பாயிண்டு பார்க்க ஆள் தேடுகிறார்கள். மேனேஜரிடம் உன்னைச் சொல்லி வைத்திருக்கிறேன். பதினான்காம் தேதி சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்தால் வேலை உனக்கு. தவறினால் வேறு ஆள்.'

"லைன் கெடையாதுங்காரே சார்வாள்?" என்றான் இசக்கியப்பன்.

"இவன் என்னிடம் படித்தவன்," என்றார் ஐயா. "செயப்பாட்டு வினையில் நூற்றுக்குப் பன்னிரண்டு. பாயிண்ட்ஸ்மேன், நீ யோசித்துப் பார். நாளைக்கு ஸ்டேஷன் வருகிறது. பாதையின் நெளிவு சுளிவு தெரிந்த ஆள் யார் என்று அதிகாரி கேட்பார். அப்போது நீ உப்பு தள்ளிக்கொண்டிருந்தால் நான் யாரைக் காட்டுவேன்?"

அவன் மனைவி முத்துக்கனி இதைக் கேட்டதும் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"இங்க பாருங்க, கிளார்க்கய்யா அந்த ஆபீஸ்லயே கெடந்தவரு. அவருக்குத் தெரியாததா இவருக்குத் தெரியும்? நாளைக்கே கெளம்புங்க."

"ஏளா, சார்வாள் இங்கிலீசுல வாசிச்சுச் சொல்லுதாவ."

"இங்கிலீசுலதான் வாசிச்சாரு. எஞ்சின் தமிழ்லயே நின்னு போச்சுல்லா. அது ஒங்களுக்குத் தெரியலியா?"

"பத்தொம்பது வருசமா பாத்த லைனு. சர்க்கார் வரும்போது நான் இல்லேன்னா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்கணும்னா பாயிண்டு இழுக்கீய? சோத்துக்குத்தான இழுக்கீய?"

மறுநாள் அவன் கொட்டகைக்கு வெள்ளையடிக்கப் போய்விட்டான்.

பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் பீர் முகம்மது காக்கா தூத்துக்குடியிலிருந்து வந்தார். பந்தல் போடும் இடத்தில் ஐயா குடையால் சுட்டிக் காட்டி, அதிகாரியின் நாற்காலி எங்கே இருக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார்வாள், ஆர்பர்ல பழைய தண்டவாளம் மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு. யுத்தத்துக்கு இரும்பு வேணுமாம், கப்பல்ல ஏத்துதான். எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு கிளார்க்குகிட்ட கேட்டேன். எங்கயோ ஒரு லைனை டேக்கப் பண்ணிட்டாங்கன்னு சொல்லுதான். நம்ம வார்த்தையாட்டும்லா இருக்கு? ஒரே வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் உண்டுமா?"

ஐயாவின் குடை ஒரு நிமிஷம் காற்றில் நின்றது.

"இங்கிலீஷ் ஒரு சமுத்திரம்," என்றார். பிறகு தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் பெரிய அகராதி இருந்தது. ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் கொடுத்தது. அது சந்தேகம் வருகிறவர்களுக்கான புத்தகம் என்பதால் அவர் அதிகம் திறந்ததில்லை. இப்போது திறந்தார். டேக் அப்புக்கு இருபதுக்கு மேல் அர்த்தங்கள். விரித்த பாயைச் சுருட்டி எடுத்தல். பதித்த கல்லைப் பெயர்த்து எடுத்தல். தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தல். ஆண்டவரைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

ஐயா நாற்காலியில் உட்கார்ந்தார். சனிக்கிழமை சாயங்காலத்துக்கு இன்னும் ஒன்றரை நாள் இருந்தது. இப்போது சொன்னால் அவன் நடந்தே போய்ச் சேர்ந்துவிடுவான். அவர் கெட்டவரல்ல. எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு, தலைப்பாகையைச் சரிசெய்து, குடையை எடுத்துக்கொண்டு டிப்போவுக்கு நடந்தார்.

அங்கே மிஷன் பள்ளிப் பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். பாட்டு அவர் இயற்றியது. ஒவ்வொரு அடியும் 'உயர' என்று முடிந்தது. பந்தல் காலில் கட்டியிருந்த தட்டியில் அவருடைய பெயர் சிவப்பு மையில் இருந்தது. அவரைக் கண்டதும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், மண்டியிலிருந்த ஆட்கள் எழுந்து நின்றார்கள். இசக்கியப்பன் சுண்ணாம்புக் கையைத் துண்டில் துடைத்தபடி ஓடிவந்தான். கன்னத்திலும் சுண்ணாம்பு.

"சார்வாள், ஒரு சந்தேகம். சர்க்கார் ரயில்ல பாயிண்ட்ஸ்மேனுக்கு நீல உடுப்பு குடுப்பாவன்னு சொல்லுதாவ. மெய்யா?"

ஐயா அவனைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். தட்டியைப் பார்த்தார்.

"கொடுப்பார்கள்," என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தது, போனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஐயா கோயிலில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை காலையில் தூரத்தில் ஊதல் கேட்டது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு கேட்ட ஊதல். முத்துக்கனி உட்படப் பல பேருக்குக் கண் கலங்கியது. இசக்கியப்பன் முதல் நாளே பாயிண்டுக்கு எண்ணெய் விட்டிருந்தான். கம்பியை இழுத்துப் பிடித்து, பச்சைக் கொடி காட்டினான். எஞ்சின் பின்னால் ஆறு திறந்த வண்டிகள். சரக்கு ஏதும் ஏற்றாத வண்டிகள். அவற்றிலிருந்து இருபது ஆட்கள் இறங்கினார்கள். எல்லாரிடமும் கடப்பாரை இருந்தது. கடைசியாக, காக்கி அரைக்கால் சட்டை போட்ட பருத்த மனிதர் ஒருவர் இறங்கினார். நல்லக்கண்ணு மேஸ்திரி.

கொட்டு முழங்கியது. பீர் முகம்மது காக்கா மேஸ்திரியின் கழுத்தில் ஆளுயர ரோஜா மாலையைப் போட்டார்.

"எனக்கா?" என்றார் மேஸ்திரி.

பிள்ளைகள் பாடினார்கள். மேஸ்திரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஆட்கள் கடப்பாரைகளைக் கீழே போட்டுவிட்டுப் பந்தல் நிழலில் குந்தினார்கள். ஐயா வரலாற்றை வாசிக்க எழுந்தார். பதினொரு பக்கம். மிகவும் மெதுவாக வாசித்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் நிறுத்தினார். கலெக்டர் வந்த பக்கத்தை இரண்டு முறை வாசித்தார். ஆழ்ந்த உணர்ச்சி என்று கூட்டம் நினைத்தது. வாசித்து முடியும்வரைதான் தண்டவாளம் இருக்கும் என்பது, கடப்பாரை ஆட்களை விட்டால், அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவருக்குப் பாதியில் தூக்கம் வந்துவிட்டது.

கைதட்டலில் மேஸ்திரி விழித்தார். எழுந்து கும்பிட்டார்.

"ரொம்ப சந்தோசம். மத்த ஊர்லல்லாம் எங்களப் பாத்தா கல்லத்தான் விட்டெறியாவ. நீங்க மால போட்டிருக்கீய. இந்தத் தொழில்ல எனக்கு இதுதான் மொதல் மால." பிறகு ஆட்களைப் பார்த்து, "ஏலே, அந்தக் கடைசிக் கட்டைலேருந்து ஆரம்பிங்கலே. மத்தியானத்துக்குள்ள தொட்டி வரைக்கும் பேத்துரணும்."

முதல் ஆணி கிறீச்சிட்டு வெளியே வந்தது. கொட்டுக்காரர்கள், யாரும் நிறுத்தச் சொல்லாததால், கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் ஐயாவின் பக்கம் திரும்பியது.

"சர்க்காரின் மனம் மாறியிருக்கிறது," என்றார் ஐயா. "யுத்தம். கடைசி நேரத்தில் உத்தரவு மாறியிருக்க வேண்டும்."

பீர் முகம்மது காக்கா அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு பந்தல் துணியை அவிழ்க்கத் தொடங்கினார். இசக்கியப்பன் தலையாட்டினான். "யுத்தம்னா அப்பிடித்தான் சார்வாள்," என்று அவருக்கே ஆறுதல் சொன்னான். கையில் பச்சைக் கொடி இன்னும் இருந்தது.

அன்று மதியமே ஆறுமுகநேரிக்கு நடந்தான். மறுநாள் காலையில் உப்பளத்து வாசலில் ஜெபசிங் அவனைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏ இசக்கி, சனிக்கிழம இருட்டுத வரைக்கும் இங்கனயே நின்னேன்டே. மேனேஜர்ட்ட ரெண்டு தடவ தவணை கேட்டேன். ஆலந்தலைக்காரன் ஒருத்தன் வந்தான், எடுத்துக்கிட்டாவ. நான் எழுதுனது கெடைக்கலியா?"

"கெடச்சுது. சார்வாள்தான் டேக்கன் அப்புன்னா..."

"டேக்கன் அப்புன்னா பேத்து எடுக்கதுடே!"

"அது இப்பம். மொதல்ல வேற அர்த்தம்தான் இருந்துருக்கு. யுத்தத்துல மாத்திட்டாவளாம்."

ஜெபசிங் அவன் தோளில் கைபோட்டுக் காப்பிக் கடைப் பக்கம் திருப்பினார். அவரும் ஐயாவிடம் பிரம்படி வாங்கியவர். இசக்கியப்பனுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

பாதையைப் பெயர்க்கும் வேலையில் நல்லக்கண்ணு மேஸ்திரி அவனையும் சேர்த்துக்கொண்டார். மணலுக்குள் எந்த ஆணி எங்கே இருக்கிறது என்று மற்றவர்கள் தோண்டித் தேடினார்கள். இசக்கியப்பன் தேடவில்லை. நேராகக் கடப்பாரையை இறக்குவான், ஆணி இருக்கும். முத்துக்கனி தினமும் கஞ்சி கொண்டு போனாள். முதல் நாள் கூப்பிடு தூரம். இரண்டாவது வாரம் நாலு மைல். எஞ்சின் தினம் கொஞ்சம் கடலுக்குப் பின்வாங்கியது; அவர்கள் அதன் பின்னாலேயே போனார்கள்.

"இவ்ளவு வெரசலாப் புடுங்குதியளே," என்றாள் ஒருநாள். "முடிஞ்சா இந்த வேலையும் போச்சு. கொஞ்சம் மெதுவாத்தான் புடுங்குனா என்ன?"

"ஆணி எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும்லா. தெரிஞ்சிக்கிட்டே தெரியாத மாதிரி எப்பிடி நிக்க?"

ஒரு மாதத்தில் முடியவேண்டிய வேலை இருபத்திரண்டு நாளில் முடிந்தது. கடைசித் தண்டவாளம் குலசேகரன்பட்டினத்துக் கரையிலிருந்து தோணியில் ஏறித் தூத்துக்குடிக்குப் போனது. மேஸ்திரி இசக்கியப்பனின் முதுகில் தட்டி, இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஆடிக் காற்று முன்னதாகவே தொடங்கியிருந்தது. கட்டைகள் கிடந்த தடம் ஒரே வாரத்தில் மணலுக்குள் போய்விட்டது.

ஆவணியில் இசக்கியப்பன் ஐயாவைப் பார்க்க வந்தான். மெலிந்திருந்தான். தூத்துக்குடி ஹார்பரில் சரக்கு வண்டிப் பாதை இருக்கிறதாம். பாயிண்டு பார்த்த அனுபவம் உள்ளவர்களை எடுக்கிறார்களாம். ஆனால் இங்கிலீஷில் நற்சாட்சிப் பத்திரம் வேண்டுமாம். கம்பெனியில் கேட்க இனி ஆளில்லை.

"ஒங்க எழுத்துன்னா மறு பேச்சு இருக்காது சார்வாள்."

ஐயா உட்கார் என்றார். அவன் உட்காரவில்லை.

"பாயிண்ட்ஸ்மேன்," என்றார் ஐயா. "உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்."

"சொல்லுங்க சார்வாள்."

அவர் கை கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் சிவந்திருந்தன. இசக்கியப்பன் பொறுமையாக நின்றான்; வண்டி வரும்வரை நின்று பழகியவன்.

"தூத்துக்குடியில் தண்ணீர் உப்பாக இருக்கும்," என்றார் ஐயா. "கொதிக்க வைத்துக் குடி."

"சரி சார்வாள்."

பிறகு ஐயா இரண்டு மணி நேரம் எழுதினார். அகராதியை ஐந்து முறை திறந்தார். அவ்வளவு கவனமாக அவர் ஆயுளில் எதுவும் எழுதியதில்லை. விசுவாசம், விடாமுயற்சி, கடமையுணர்ச்சி எல்லாவற்றுக்கும் உயர்ந்த வார்த்தைகள் போட்டார். அடியில் கையெழுத்திட்டு, மை காய ஊதி, இரண்டு கையாலும் கொடுத்தார். இசக்கியப்பன் குனிந்து அவர் காலைத் தொட்டான். ஐயா காலை இழுத்துக்கொள்ளவில்லை. இழுக்கவேண்டும் என்று நினைத்தார்.

ஹார்பர் ஆபீஸில் கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா அதை முழுவதும் படித்தார். இடையில் ஒருமுறை புருவத்தை உயர்த்தி, பக்கத்து மேஜைக்காரரிடமும் காட்டினார். நல்ல இங்கிலீஷ் என்றார் அவர்.

"ஒம் பேரு என்ன?"

"இசக்கியப்பன்யா."

குமாஸ்தா மறுபடி தாளை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு தாளை மடித்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பத்திரத்தில் இசக்கிமுத்து என்று எழுதியிருந்தது.